பார்க்க மட்டும் போன வீடு

எங்கள் தீவுப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு மனுசி ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தால், அவள் மாப்பிள்ளையின் தாய். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கிற ஊர் இது. மாப்பிள்ளை பகுதி முதலில் வீட்டைத்தான் பார்க்கும். ஓடு போட்டதா, அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டதா, வளவுக்குள் எத்தனை தென்னை நிற்கிறது, கிணறு நன்னீரா உவரா என்றெல்லாம் விசாரித்து மனம் திருப்திப்பட்ட பிறகுதான் பெண்ணின் சாதகக் குறிப்பைக் கையில் எடுப்பார்கள். வீடு வடிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டிப் போய், பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் புருசனே நம்பியதில்லை. வெயிலில் திரிந்து தலையிடி வாங்குவதற்கு இது ஒரு சாட்டு என்பது அவருடைய எண்ணம்.

நான் வேலணையில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் எனக்கு வீட்டுக்குள் கால் தரிக்காது. ஊர்காவற்றுறையில் கடலோரத் தெருவில் மாடி வைத்த பழைய வீடுகள் சில உண்டு. மேல் யன்னல்களின் பலகைக் கதவுகள் உப்புக் காற்றில் வெளிறிப் போய், பாதி திறந்தபடி தொங்கும். அவற்றைப் பார்க்கப் போவேன். நெடுந்தீவுக்கு ஒரு தடவை போய், படகில் சத்தி எடுத்து, கல்வேலிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் வீடு என்றால் புங்குடுதீவுதான். அந்த ஊர் ஆட்கள் தெற்கே காலியிலும் மாத்தறையிலும் கடை போட்டு உழைத்த காசையெல்லாம் கொண்டுவந்து இங்கே கல்லும் மரமுமாக நட்டிருக்கிறார்கள். அதில் பாதி இப்போது கூரை இல்லாமல், சுவருக்குள் ஆலங்கன்று முளைத்து நிற்கிறது. மிச்சம் நிற்கிறதைப் பார்த்தால் பெருமூச்சு வரும்.

இதை ரசனை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது பொறாமை. நல்ல வீடு ஒன்றைக் கண்டால் எனக்கு முதலில் வயிறு எரியும், பிறகுதான் கண் குளிரும்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மாவின் வீடு உருளைத் தூண் வைத்த வீடு. மூத்தவள் என்று அது அக்காவுக்குச் சீதனமாகப் போனது. எனக்கு ஒரு துண்டுக் காணி. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு அந்தக் காணியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. எங்கள் ஒழுங்கை முழுவதும் அதே வீடுதான். என் வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்த பிறகு, ஆளை மாறிவிட்டோம் என்று எழும்பி வந்த கதையெல்லாம் உண்டு. அக்காவோ அந்த உருளைத் தூண்களை இடித்துவிட்டு, முன்பக்கம் முழுவதும் பளபளவென்று மாபிள் ஒட்டினாள். அவள் வீட்டு விறாந்தையில் நிற்கிற நேரமெல்லாம் எனக்குக் குளியலறைக்குள் நிற்கிற மாதிரித்தான் இருக்கும். வேண்டாதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு, வாயில் "வடிவாத்தான் இருக்கு" என்பேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

புங்குடுதீவில் பெரிய தெருவை விட்டு உள்ளே திரும்பும் ஒரு மண் ஒழுங்கையில் அது இருக்கிறது. கூரை வைத்த பழைய சங்கடப்படலை. அதற்குப் பின்னால் நீளமான விறாந்தை. எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த தேக்குத் தூண்கள். வாசல் கதவின் நிலைக்கு மேலே ஒரு பாய்க்கப்பலைச் செதுக்கி வைத்திருந்தார்கள். தாமரை, மயில், இலட்சுமி என்று எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். கப்பலை அங்கேதான் கண்டேன். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி இந்த வீட்டைக் கட்டிய மனிதர், தனக்குச் சோறு போட்டதைத் தலைக்கு மேல் வைத்திருக்கிறார். அந்தக் கப்பலைப் பார்க்கவே மாதத்தில் ஒரு தடவையாவது போவேன். ஒழுங்கையில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஏதோ போன் கதைக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு பார்ப்பேன்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, போனைக் காதில் வைத்தபடி கொஞ்சம் கூட நேரம் நின்றுவிட்டேன். படலை திறந்தது. என்னைவிட வயதில் மூத்த ஒரு மனுசி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"வெய்யிலுக்கை ஏன் நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ."

வீட்டுக்காரி. இப்படி ஒரு அழைப்பு எனக்கு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. நாய் குரைத்திருக்கிறது, "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவை "காணி விக்கிறேல்லை" என்று விரட்டியும் இருக்கிறார்கள். வாங்கோ என்று யாரும் சொன்னதில்லை. ஏன் எதற்கு என்று கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு பக்கமும் அறைகள், நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம். சிவப்புச் சீமெந்து நிலம் காலுக்குக் குளிர்ந்தது. கதவுகளுக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி. வெயில் அதற்குள்ளால் வந்து சுவரில் விழுந்து கிடந்தது. முற்றத்தின் ஓரத்தில் ஒரு சாய்மனைக் கதிரை, பிரம்பு பின்னியது. அதில் இருக்க ஆசையாக இருந்தது. பெரிய ஆட்களின் கதிரை என்று பார்த்தாலே தெரிந்ததால் பக்கத்தில் கிடந்த சின்னக் கதிரையில் இருந்தேன். இந்த நிலத்தில் தினமும் நடக்கிறார்களே, இந்த வெளிச்சத்தில் அரிசி புடைக்கிறார்களே என்று எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். சேலை கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வீட்டுக்குள் யார் சேலை கட்டுகிறார்கள்? கன்னத்தில் பவுடர் இன்னும் சரியாகப் படியவில்லை. தட்டில் பயற்றம் பணியாரம் வேறு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் என்னை மாப்பிள்ளையின் தாய் என்று நினைத்துவிட்டார்கள்.

"மகன் எங்கை இருக்கிறார்?" என்று தாய் கேட்டார்.

"எனக்கு மகன் இல்லை. ஒரே ஒரு மகள். அவளும் கலியாணம் முடிச்சு வவுனியாவிலை."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"குறை நினையாதேங்கோ. சும்மா பாத்தனான். வீடு நல்ல வடிவு."

பிள்ளைதான் முதலில் சிரித்தாள். "இதோ வடிவு? மழை பெஞ்சால் எத்தினை வாளி வைக்கிறனாங்கள் எண்டு தெரியுமோ அன்ரி? எனக்கெண்டால் ஒரு மாடிப் பிளற்றிலை இருந்தால் போதும்."

அவள் கன்னத்தில் ஒன்று போடலாம் போல இருந்தது. இருக்கிறவளுக்கு அதன் அருமை தெரியவில்லை, தெரிந்தவளுக்கு இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

தாய் பணியாரத் தட்டை என் பக்கமாகத் தள்ளினார். நல்ல மனுசி. "பரவாயில்லை, சாப்பிடுங்கோ" என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "உங்கடை பகுதியிலை நல்ல பெடியன் ஆரும் இருக்கோ?" என்று கேட்டார்.

என் கோப்பையில் தேத்தண்ணி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. குசினியை நான் இன்னும் பார்க்கவில்லை. பின்விறாந்தை, கிணற்றடி ஒன்றும் பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னால் கோப்பையை வைத்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"அக்காவின்ரை மகன் ஒருத்தன் கனடாவிலை இருக்கிறான்."

தாய் உடனே எழும்பினார். "வாங்கோ, பின்பக்கம் காட்டுறன்."

எல்லாம் காட்டினார். நெல்லுப் போட்ட அறை, மரத்தில் படி வைத்த பரண், ஆள் உயரக் கண்ணாடி பதித்த அலுமாரி. கிணற்றில் தானே வாளி போட்டு அள்ளி, ஒரு செம்பில் தந்தார். தீவில் பிறந்தவர்களுக்குத் தெரியும், வீட்டு வளவுக் கிணற்றில் நல்ல தண்ணி என்றால் அது என்ன பாக்கியம் என்று. எங்கள் ஒழுங்கையில் குடிதண்ணிக்குப் பவுசர் லொறிக்குத்தான் காத்திருப்போம். அந்தத் தண்ணி இளநீர் மாதிரி இருந்தது. இரண்டு செம்பு குடித்தேன்.

அடுத்த கிழமையே அந்தத் தாய் அனுப்பிய கலியாணத் தரகர் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவள் சும்மா வருகிற ஆள் இல்லை. கதிரையை ஃபானுக்குக் கீழே இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எடி, புங்குடுதீவிலை நீ ஒரு வீட்டுக்குப் போனனியாம். வீடு எப்பிடி?"

"பழைய வீடு" என்றேன்.

"பழசெண்டு தரகரும் சொன்னவர். வளவு பெருசாம். அதை விடு. தண்ணி எப்பிடி?"

நான் எழும்பி ஃபானைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

"நீ குடிச்சனிதானே? உவரெண்டால் சொல்லு, நான் மினக்கெடமாட்டன். காரைநகரிலை இன்னொண்டு பேசி வந்திருக்கு. நான் அதைப் பாக்கிறன்."

ஒரு சொல் போதும். உவர் என்று சொன்னால் அக்கா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள். வீடு வேறு யாருக்காவது போகும். எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்பது தெரிந்ததுதான், ஆனால் அந்த வேறு யாரோ என் அக்காவாக இருக்கமாட்டார்கள். அம்மாவின் தூண்களை இடித்தவள். அம்மாவின் வீடும் அவளுக்கு, இதுவும் அவளுக்கா? நானே தேடித் திரிந்து கண்டுபிடித்ததை, நோகாமல் ஃபானுக்குக் கீழே இருந்து அவள் எடுத்துக்கொள்வதா? உவர் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன்.

"இளநீர் மாதிரி" என்றேன்.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. அதோடு விட்டேனா? தூண்களைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். அக்கா கொட்டாவி விடும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் போன பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளைப் போட்டு உருட்டினேன்.

"நீர் நல்லாத் தரகர் வேலை பாத்திருக்கிறீர்" என்றார் என் புருசன், பேப்பரை விலக்காமலே.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றேன்.

குறிப்புப் பொருந்தியது. பொருந்தாமல் விடுமா, அக்காவுக்கு எதுதான் பொருந்தவில்லை? வீடு பார்க்க ஒரு வாடகை வான் பிடித்துப் போனோம். வழி தெரிந்தவள் என்று என்னை முன் சீற்றில் இருத்தினார்கள். படலையடியில் தாய் கைகூப்பி நின்றார். இந்தத் தடவை தட்டு முதலில் அக்காவிடம் போனது. உண்மையான மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டாள் அல்லவா. அக்கா ஒரு யோசனையும் இல்லாமல் நேரே போய் அந்தச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தாள். பிரம்பு கிரீச்சிட்டது. எனக்கு நெஞ்சுக்குள் கிரீச்சிட்டது. சாய்ந்தபடி சுற்றிப் பார்த்தாள்.

"தூணுக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சால் வெளிச்சமா இருக்கும்" என்றாள்.

"தேக்குக்குப் பெயின்ற் அடிக்கிறேல்லை அக்கா" என்றேன். எங்களோடு வந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு உயர்ந்துவிட்டது.

புறப்படும்போது பிள்ளை என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்தாள். "அன்ரி, எல்லாம் உங்களாலைதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. கனடாவுக்குப் போகிற சந்தோசம். அவள் கையை விடும்போது அவளுக்குப் பின்னால் இருந்த புகை படிந்த சுவரை, மண் அடுப்பு மேடையை, யன்னலால் தெரிந்த கிணற்றடியைப் பார்த்தேன். இதையெல்லாம் விட்டுப் போவதற்கு ஒருத்தி எனக்கு நன்றி சொல்கிறாள்.

கலியாணம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் பிள்ளையின் பேரில் முடிந்தது. விசா வந்ததும் அவள் பறந்தாள். தாயை ஜேர்மனியில் இருக்கிற மகன் கூப்பிட்டுக்கொண்டான். பெயின்ற் அடிக்க அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி.

ஒரு நாள் அக்கா மறுபடியும் என் வீட்டுக்கு வந்து, பால்மா பை ஒன்றை மேசையில் வைத்தாள். உள்ளே அந்த வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கொத்து.

"சம்பந்தி தந்திட்டுப் போனவ. ஆள் புழங்காட்டில் வீடு பாழாப் போடுமாம். எனக்கு முழங்கால் ஏலாது. உனக்குத்தானே உந்தப் பழசுகளிலை விருப்பம். வெள்ளிக்கிழமையிலை போய்க் கூட்டி, யன்னலைத் திறந்து விட்டு, ஒரு விளக்கு வைச்சிட்டு வா."

வீடு அவள் மகனுக்கு, விளக்குமாறு எனக்கு. "நான் என்ன உங்கடை வேலைக்காரியோ?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. "ஏலாட்டில் சொல்லு, பக்கத்து வளவிலை ஆரிட்டையும் குடுக்கிறன்" என்றாள்.

கொத்தில் ஒரு திறப்பு மட்டும் என் கை நீளத்துக்கு, கனமான இரும்பு. அதுதான் கப்பல் கதவின் திறப்பு. அதை யாரிடமோ கொடுப்பதா? பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "நான் போறன்" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கடையில் அரை நாள் லீவு எடுக்கிறேன். முற்றம் கூட்டுகிறேன். யன்னல்களைத் திறக்கிறேன். கிணற்றில் அள்ளிக் குடித்து, ஒரு கான் நிறைய வீட்டுக்கும் கொண்டு வருகிறேன். மழை பெய்தால் போய் வாளி வைக்கிறேன். பிள்ளை சொன்னது பொய் இல்லை. வேலை முடிந்ததும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி கிடப்பேன். அந்த நேரத்தில் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். பிறகு நேரே எதிர்ச் சுவரில் கலியாணப் படம் கண்ணில் படும். மாப்பிள்ளை, பொம்பிளை, அவர்களுக்கு நடுவில் தலைக்குப் பூ வைத்த அக்கா. கனடாவில் பெரிசாக்கி அனுப்பி, ஹோலில் மாட்டச் சொன்ன படம். அந்தச் சுவரில் ஆணி அடித்தவளும் நான்தான். வயிற்றெரிச்சல் போய்விடும் என்று நினைத்தேன், வாரத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை முன் யன்னலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. என்னைவிட வயது குறைந்த ஒருத்தி. ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை ஓட்டில் நிற்கவில்லை, வளவைச் சுற்றவில்லை, தென்னையை எண்ணவில்லை. தூண் தூணாக வந்து, கப்பலில் போய் நின்றது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இவள் மாப்பிள்ளை பகுதி இல்லை. காணி வாங்க வந்தவளும் இல்லை.

யன்னலில் என்னைக் கண்டதும் வெட்கப்பட்டாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. சும்மா பாத்தனான். நல்ல வடிவான வீடு. உங்கடையோ?"

"ஓம்" என்றேன்.

"ஒருக்கால் உள்ளுக்கை வந்து பாக்கலாமோ?"

எனக்கு அந்தத் தாயின் குரல் ஞாபகம் வந்தது. ஆளை மாறித்தான் கூப்பிட்டார், ஆனாலும் கூப்பிட்டார். இவளை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முற்றத்தில் பேச்சு வராமல் நிற்பாள். கிணற்றுத் தண்ணியில் இரண்டு செம்பு குடிப்பாள். அடுத்த வெள்ளியும் வருவாள்.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை" என்றேன்.

யன்னலைச் சாத்தினேன். ஹோலுக்குள் போய் மற்ற யன்னல்களையும் சாத்திவிட்டு, திரும்ப வந்து பலகை இடுக்கால் பார்த்தேன். அவள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். ஒழுங்கை முடிகிற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். நானும் அந்த இடத்தில்தான் நிறுத்திப் பார்ப்பேன். அவள் போகும் வரைக்கும் இருட்டுக்குள் நின்றேன், கதவைத் திறக்கவில்லை.